வாசகர் கேள்வி பதில்: வையர்புஷ் ரொட்டிக் கடன்

போன இதழில் கூட்டுறவு நகைக்கடன் பற்றிக் கேட்ட ஒருவருக்குப் பதில் எழுதும்போது, "இந்தக் கடன் சங்கமெல்லாம் ஜெர்மனியில் வையர்புஷ் என்ற கிராமத்து ரொட்டி அடுப்பில் ஆரம்பித்த சமாசாரம்" என்று போகிறபோக்கில் ஒரு வரி சேர்த்துவிட்டேன். அந்த ஒரு வரிக்கு வந்த கடிதங்களைப் பார்த்தால், நகைக்கடனைப் பற்றி யாருக்குமே கவலை இல்லை போலிருக்கிறது. அதனால் சினிமா கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டேன். இந்த முறை முழுக்க வையர்புஷ்தான்.

கேள்வி: வையர்புஷ் எங்கே சார் இருக்கிறது? மேப்பில் தேடினால் ரோட்டோரத்தில் நாலு வீடுதான் தெரிகிறது. (மதுரை வாசகர்)

பதில்: நாலு வீட்டுக்கு மேல் உண்டு. ஆயிரம் பேருக்கு மேல் வசிக்கிறார்கள். ரோட்டோரம் என்பது சரிதான். கொலோனிலிருந்து ஃபிராங்க்பர்ட் போகும் பழைய நெடுஞ்சாலை ஊருக்குள்ளேயே போகிறது. ரைன்லாந்து-பலாட்டினேட் மாநிலம், ஆல்டன்கிர்ஷன் மாவட்டம். அந்த மேட்டுநிலத்துக்கு வெஸ்டர்வால்ட் என்று பெயர், மேற்குக் காடு என்று அர்த்தம். ரைன் நதிக்குக் கிழக்கே இருந்துகொண்டு மேற்குக் காடு என்ற பெயர் எப்படி வந்தது என்று கேட்காதீர்கள். அதற்கும் கிழக்கே நின்று பார்த்தவர்கள் வைத்த பெயர்.

இன்றைக்குப் போனால் பச்சைப் பசேல் என்று அழகாக இருக்கும். 1840களில் அப்படிச் சொல்லியிருந்தால் அடிக்க வந்திருப்பார்கள். கருங்கல் பூமி, ஓயாத காற்று, நீளமான குளிர்காலம். விளைவதெல்லாம் ரை என்கிற கருப்பு ரொட்டித் தானியம், ஓட்ஸ், உருளைக்கிழங்கு. போதாக்குறைக்கு அப்பன் நிலத்தைப் பிள்ளைகள் எல்லோரும் பிரித்துக்கொள்கிற வழக்கம் வேறு. மூன்று தலைமுறைக்குள் ஒரு வயல் துண்டுதுண்டாகி, கலப்பையைத் திருப்பக்கூட இடமில்லாத கீற்றுகளாகிவிடும். இது எங்கேயோ கேட்ட கதையாக இருக்கிறதே என்று தஞ்சாவூர்க்காரர்கள் நினைத்தால் அது சரியான நினைப்புதான்.

அந்த ஊர்க்காரர்கள் தங்களை 'வெல்லர்' என்று சொல்லிக்கொள்வார்கள். வெளியூரில் இரண்டு பேர் சந்தித்தால் ஒருவர் "ஹுய், வெல்லர்?" என்பார், மற்றவர் "அல்லமோல்!" என்பார். "நம்ம ஊரா?" "அதிலென்ன சந்தேகம்!" என்கிற மாதிரி.

கேள்வி: பஞ்ச காலத்தில் மேயர் ஒருவர் ஊரைக் காப்பாற்றினார் என்கிறார்கள். எத்தனையோ ஊரில் எத்தனையோ பெரிய மனிதர்கள் கஞ்சித் தொட்டி வைத்திருக்கிறார்கள். இவர் மட்டும் என்ன விசேஷம்? (தஞ்சாவூர் வாசகர்)

பதில்: நல்ல கேள்வி, கொஞ்சம் நீட்டித்தான் சொல்ல வேண்டும்.

ஃப்ரீட்ரிஷ் வில்ஹெல்ம் ரைஃபைசன் 1818 மார்ச் 30-ல் பிறந்தவர், ஒன்பது பிள்ளைகளில் ஏழாவது. மேல்படிப்புக்கு வசதியில்லை. ஊர்ப் பாதிரியார் சொல்லிக்கொடுத்ததுதான் படிப்பு. பதினேழு வயதில் பிரஷ்யாவின் (அந்தப் பகுதியை அப்போது ஆண்ட ஜெர்மன் அரசு) பீரங்கிப் படையில் சேர்ந்தார், கண் நோய் வந்ததால் 1843-ல் படையை விட வேண்டியதாயிற்று. அப்புறம் அரசாங்க அலுவலகங்களில் வேலை, 1845-ல் வையர்புஷ் மேயர் பதவி. மேயர் என்றதும் நம்ம மாநகராட்சி மேயரை நினைக்க வேண்டாம். இருபத்திரண்டு குக்கிராமங்களைச் சேர்த்துப் பார்த்துக்கொள்ளும், மேலிடத்தால் நியமிக்கப்பட்ட ஒரு சின்ன அதிகாரி, அவ்வளவுதான். தாசில்தாருக்கும் ஊராட்சித் தலைவருக்கும் நடுவில் வைத்துக்கொள்ளலாம். அப்போது அவருக்கு வயது இருபத்தாறு, இருபத்தேழுதான்.

வந்து இரண்டு வருடம் முடிவதற்குள் 1846-47 குளிர்காலம் வந்தது. ஐரோப்பா முழுக்க உருளைக்கிழங்கில் அழுகல் நோய், அயர்லாந்தில் லட்சக்கணக்கில் ஆட்கள் செத்தார்களே, அதே நோய். ரை விளைச்சலும் விழுந்தது. தானிய விலை ஏறிக்கொண்டே போனது. அரசாங்கம் மாவு அனுப்பியது, இல்லை என்று சொல்லக்கூடாது. ஆனால் ஒரு நிபந்தனையோடு அனுப்பியது: ரொக்கம் கொடுப்பவர்களுக்கு மட்டும் விற்க வேண்டும். ரொக்கம் வைத்திருப்பவன் எதற்குப் பசியோடு இருக்கிறான் என்று மேலே யாரும் யோசிக்கவில்லை. ஊரில் வறியோர் நிவாரணக் குழு ஒன்று இருந்தது. அதைக் கூட்டி, உத்தரவை ஒதுக்கி வைத்துவிட்டு, காசில்லாதவர்களுக்குச் சீட்டு எழுதி வாங்கிக்கொண்டு கடனுக்கு மாவைக் கொடுத்தார் ரைஃபைசன். மேலிருந்து கண்டனம் வந்தது. ஆனால் மாவு அதற்குள் வீடுகளுக்குப் போய்விட்டது.

அந்த மாவு எத்தனை நாளைக்கு வரும்? கொஞ்சம் கையில் காசு உள்ள குடும்பங்களை உட்கார வைத்துப் பேசி, ஆளுக்கு இவ்வளவு என்று பணம் போட வைத்தார். ரொட்டிச் சங்கம் என்று அதற்குப் பெயர். அந்தப் பணத்தில் வெளியிலிருந்து தானியத்தை மொத்தமாக வாங்கினார்கள், ஊருக்குப் பொதுவாக ஒரு ரொட்டி அடுப்பு கட்டினார்கள், அதில் சுட்ட ரொட்டியைச் சந்தை விலையில் ஏறக்குறைய பாதிக்குக் கொடுத்தார்கள். பாதி விலையும் கொடுக்க முடியாதவர்களுக்குக் கடனுக்கு. வசந்தம் வந்ததும் விதை உருளைக்கிழங்கும் வாங்கிக் கொடுத்தார்கள். விதையைத் தின்றுவிட்ட வீட்டுக்கு அடுத்த வருடமும் பஞ்சம்தானே.

கஞ்சித் தொட்டிக்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டீர்கள். கஞ்சி வாங்கியவன் பெயரை யாரும் எழுதி வைப்பதில்லை. இங்கே எழுதி வைத்தார்கள். கேட்பதற்குக் கொடூரமாக இருக்கிறது, நானும் முதலில் படித்தபோது அப்படித்தான் நினைத்தேன். ஆனால் எழுதி வைப்பது என்றால் "நீ நாளைக்குத் திருப்பிக் கொடுக்கக்கூடியவன்" என்று ஒப்புக்கொள்வது. பிச்சை வாங்கியவன் வேறு, கடன் வாங்கியவன் வேறு. இரண்டாவது ஆள் தெருவில் நிமிர்ந்து நடக்கலாம்.

கேள்வி: அதெல்லாம் சரி, கடன் திரும்ப வந்ததா? (சேலம் வாசகர், பைனான்ஸ் தொழில்)

பதில்: உங்கள் தொழில் கேள்வியிலேயே தெரிகிறது! வந்தது. 1847 அறுவடை பிழைத்தது, ஆட்கள் கடனை அடைத்தார்கள். இருபத்திரண்டு கிராமங்களிலும் யார் யாருக்கு என்ன வயல், யார் வீட்டுப் பையன் வேலைக்குப் போகிறான், யார் குடிக்கிறார் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். சிபில் ஸ்கோர் தேவைப்படவில்லை.

கேள்வி: பொது அடுப்பு என்றால் எப்படி? ஆளாளுக்கு மாவைக் கொண்டுபோய் ஒரே அடுப்பில் சுட்டால் சண்டை வராதா? எங்கள் காம்பவுண்டில் பொதுக் குழாய்க்கே தினமும் சண்டை. (கோயம்புத்தூர் வாசகி)

பதில்: அம்மா, இந்த இதழில் எனக்குப் பிடித்த கேள்வி இதுதான்.

பொது ரொட்டி அடுப்பு ரைஃபைசன் கண்டுபிடித்தது இல்லை, ஜெர்மன் கிராமங்களில் அதற்கு முன்பே பழக்கம். வெஸ்டர்வால்ட் பேச்சுவழக்கில் 'பாக்கெஸ்' என்பார்கள். தனியாக ஒரு சின்னக் கல்வீடு, உள்ளே கல்லால் வளைத்துக் கட்டிய பெரிய குகை மாதிரி அடுப்பு. கூரை வேய்ந்த வீடுகளில் ஆளாளுக்கு அடுப்பு மூட்டினால் ஊரே எரிந்துவிடும் என்ற பயம் ஒரு பக்கம், விறகு மிச்சம் ஒரு பக்கம். பல வட்டாரங்களில் அரசாங்கமே வீட்டு அடுப்பு வேண்டாம், பொது அடுப்பு கட்டுங்கள் என்று உத்தரவு போட்டிருக்கிறது.

அது வேலை செய்கிற விதம் நம்ம ஊர் விறகு அடுப்பு மாதிரி இல்லை. தீ அடியில் எரியாது, ரொட்டி வேகிற அதே இடத்துக்குள்தான் எரியும். சுள்ளிக் கட்டுகளை உள்ளே தள்ளிப் பற்றவைத்து, மணிக்கணக்கில் எரியவிட்டு, கல்லெல்லாம் நன்றாகச் சூடேறியதும் தணலையும் சாம்பலையும் வெளியே இழுத்துப் போட்டுவிட வேண்டும். நீளக் கம்பில் ஈரத்துணி கட்டித் தரையைத் துடைக்க வேண்டும். அப்புறம் ஒரு பிடி மாவைத் தூவிப் பார்ப்பார்கள். உடனே கருகினால் இன்னும் சூடு அதிகம், மெதுவாகப் பழுப்பானால் சரியான பதம். தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்துப் பார்க்கிறோமே, அந்தக் கைப்பக்குவம்தான். பதம் வந்ததும் நீளமான மரத் துடுப்பில் ரொட்டிகளை வைத்து உள்ளே தள்ளி மூடிவிடுவார்கள். நெருப்பே இல்லாமல் கல்லின் சூட்டிலேயே வேகும். ரொட்டி எடுத்த பிறகு மிச்சச் சூட்டில் தட்டு கேக், அதற்கும் பிறகு சூடு இன்னும் இறங்கினால் ஆப்பிள் துண்டும் பிளம்ஸ் பழமும் உலர்த்துவார்கள். ஒரு சூட்டையும் வீணாக்குவது கிடையாது.

இப்போது சண்டைக்கு வருவோம். முதலில் சுடுகிற வீட்டுக்குத்தான் நஷ்டம், ஏனென்றால் ஆறிக் கிடக்கும் கல்லைச் சூடேற்ற எக்கச்சக்கமான விறகு போகும். இரண்டாவது மூன்றாவது வீட்டுக்குப் பாதி விறகு போதும். அதனால் யாரும் முதலில் வர மாட்டார்கள். அதற்குப் பல ஊர்களில் சீட்டுக் குலுக்கிப் போட்டு வரிசை வைத்தார்கள், இந்த வாரம் உன் தலையில் விழுந்தால் நீதான் முதல். சண்டையே வராமல் இருந்திருக்காது. ஆனால் சண்டை போட்டுக்கொண்டே ரொட்டி சுடக் கற்றுக்கொண்டார்கள். உங்கள் காம்பவுண்டிலும் சீட்டுப் போட்டுப் பாருங்களேன்.

கேள்வி: ரொட்டியிலிருந்து வங்கிக்கு எப்படிப் போனார்? அது ரொம்ப தூரமாயிற்றே! (திண்டுக்கல் வாசகர்)

பதில்: நடுவில் ஒரு மாடு வருகிறது.

1848-ல் அவரைப் பக்கத்திலுள்ள ஃப்ளாமர்ஸ்ஃபெல்டுக்கு மாற்றினார்கள், அங்கே முப்பத்து மூன்று கிராமங்கள். அங்கே பசியைவிடப் பெரிய பிரச்சினை வட்டி. அதிலும் மாட்டு வட்டி. விவசாயிக்கு மாடு வாங்கக் காசு இருக்காது, வியாபாரி தன் மாட்டை அவன் தொழுவத்தில் கட்டுவான். தீனி போடுவது விவசாயி, பால் அவனுக்கு. ஆனால் மாடு வியாபாரியுடையது, கன்றில் பங்கு உண்டு, நன்றாகத் தேறிய மாட்டை ஓட்டிக்கொண்டுபோய் நோஞ்சான் ஒன்றைக் கட்டிவிட்டுப் போகவும் அவனால் முடியும். நம்ம பக்கத்தில் வாரத்துக்கு மாடு பிடிப்பது என்கிறோமே, கிட்டத்தட்ட அது, ஆனால் கழுத்தில் கயிறு மாட்டுக்கு இல்லை, விவசாயிக்கு.

1849 டிசம்பரில் ஊரில் வசதியான அறுபது பேரைச் சேர்த்து உதவிச் சங்கம் ஆரம்பித்தார். அவர்கள் தங்கள் சொத்து முழுவதையும் ஜாமீனாக வைத்துக் கடன் வாங்கினார்கள். சங்கம் மாட்டை வாங்கி விவசாயிக்குக் கொடுக்கும், அவன் ஐந்து வருடத் தவணையில் கட்டுவான், மாடு முதல் நாளிலிருந்து அவன் மாடு.

1852-ல் மறுபடி மாற்றம், ரைன் கரையில் ஹெட்டஸ்டோர்ஃப், இன்றைய நொய்வீட் நகரத்தோடு சேர்ந்துவிட்ட ஊர். அங்கே 1854-ல் தர்ம சங்கம். கைவிடப்பட்ட குழந்தைகள், வேலையில்லாதவர்கள், ஜெயிலிலிருந்து வந்தவர்கள், மாடு, கடன் எல்லாவற்றையும் ஒரே சங்கத்தின் தலையில் கட்டினார். பெரிய மனசுதான், ஆனால் தாங்கவில்லை. பணம் போட்டவர்களுக்கு நாளடைவில் சலித்துவிட்டது. அவர்களுக்கு இதில் சொந்த லாபம் எதுவும் கிடையாது, பொறுப்பு மட்டும் முழுக்க இருக்கிறது, எத்தனை வருடம் நிற்பார்கள்? ஒவ்வொருவராகக் கழன்றார்கள்.

இங்கேதான் அந்த மனிதர் ஒரு விஷயத்தைக் கஷ்டப்பட்டு ஒப்புக்கொண்டார். கொடுப்பவன் ஒரு பக்கம், வாங்குபவன் ஒரு பக்கம் என்று இருந்தால் சங்கம் நிற்காது, கடன் வாங்குகிறவனே உறுப்பினராக இருக்க வேண்டும். 1864-ல் ஹெட்டஸ்டோர்ஃபில் அதே சங்கத்தைக் கடன் சங்கமாக மாற்றினார். ரொட்டிச் சங்கத்திலிருந்து இந்த இடத்துக்கு வர அவருக்குப் பதினேழு வருடம் பிடித்திருக்கிறது. ஒரே நாளில் ஞானோதயம் வந்த கதையாக இதைச் சொல்பவர்களை நம்பாதீர்கள்.

விதிகளையும் சொல்லிவிடுகிறேன், இவைதான் சுவாரசியம். ஒரு சங்கத்தின் எல்லை ஒரு சின்ன ஊர், மாதா கோயில் கோபுரத்திலிருந்து பார்த்தால் தெரிகிற தூரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நிர்வாகிகளுக்குச் சம்பளம் கிடையாது, கணக்கு எழுதுபவருக்கு மட்டும் உண்டு, அது பெரும்பாலும் பள்ளிக்கூட வாத்தியார். லாபத்தைப் பிரிக்கக்கூடாது, சேமநிதியில் போட வேண்டும். எல்லாவற்றுக்கும் மேல் வரம்பற்ற பொறுப்பு. சங்கம் மூழ்கினால் உறுப்பினர் ஒவ்வொருவர் நிலமும் போகும். பக்கத்து வீட்டுக்காரர் மாடு வாங்கக் கடன் வாங்கிவிட்டுக் கல்யாண விருந்து போட்டால், அது உங்கள் நிலத்துக்கு ஆபத்து. அப்புறம் யார் சும்மா இருப்பார்கள்? ஊர் வம்பையே தணிக்கைத் துறையாக மாற்றிவிட்டார் மனிதர்.

கேள்வி: நீங்கள் சொல்வதைப் பார்த்தால் மகான் போல் இருக்கிறாரே, குறையே கிடையாதா? (கடலூர் வாசகர்)

பதில்: உண்டு, சின்னக் குறையும் இல்லை. கந்துவட்டி, மாட்டு வியாபாரம் என்று பேச்சு வந்தால் யூதர்கள் மேல் பழி போடும் வழக்கம் அந்தக் கால ஜெர்மன் கிராமங்களில் சர்வசாதாரணம், ரைஃபைசனும் அதற்கு விலக்கில்லை. நூற்றாண்டுகளாக யூதர்களை நிலம் வாங்க விடவில்லை, கைவினைச் சங்கங்களில் சேர்க்கவில்லை, அவர்களுக்கு விட்டுவைத்தது வியாபாரமும் லேவாதேவியும்தான். அப்புறம் ஏன் இதைச் செய்கிறாய் என்று கேட்டார்கள். வட்டி வாங்கிய கிறிஸ்தவர்களும் நிறைய உண்டு. 2018-ல் அவருடைய இருநூறாவது பிறந்த ஆண்டைக் கொண்டாடியபோது ஜெர்மனியிலேயே இதைப் பற்றியும் எழுதினார்கள். எழுதத்தான் வேண்டும்.

இன்னொன்று, மகள் அமாலி. 1863-ல் மனைவி எமிலி இறந்துவிட்டார், ரைஃபைசனுக்கு டைஃபஸ் காய்ச்சல் வந்து உடம்பு போயிற்று, கண் கிட்டத்தட்ட தெரியவில்லை. 1865-ல், நாற்பத்தேழு வயதில், வேலையை விட்டு வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். பென்ஷன் போதாமல் சுருட்டு வியாபாரம், அப்புறம் ஒயின் வியாபாரம். 1866-ல் கடன் சங்கங்களைப் பற்றி ஒரு புத்தகம் கொண்டுவந்தார், அதன்பிறகுதான் விஷயம் நாடு முழுக்கப் பரவியது. அந்தக் காலம் முழுக்க அவர் சொல்லச் சொல்ல எழுதியது, கடிதம் படித்துக் காட்டியது, கணக்குப் பார்த்தது எல்லாம் அமாலி. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. சிலை வைத்தபோது அப்பாவுக்கு மட்டும் வைத்தார்கள்.

கேள்வி: ரைஃபைசன் ஹம் நகரத்தில் பிறந்தவர் என்று இணையத்தில் போட்டிருக்கிறது. நாங்கள் வருஷா வருஷம் தேருக்குப் போகும் எங்கள் காமாட்சி அம்பாள் ஹம் தானா அது? (ஜெர்மனி, டோர்ட்முண்ட் வாசகி)

பதில்: இல்லை தங்கச்சி, பெயர் ஒன்று, ஊர் வேறு. அம்பாள் இருப்பது வடக்கே லிப்பே ஆற்றங்கரையிலுள்ள பெரிய ஹம் நகரம், 2002-ல் குடமுழுக்கு நடந்த கோயில். ரைஃபைசன் பிறந்தது தெற்கே ஸீக் ஆற்றங்கரையில் இருக்கிற சின்ன ஹம், வையர்புஷுக்குப் பக்கம். அங்கே அவர் பெயரில் அருங்காட்சியகம் இருக்கிறது. ரயில் டிக்கெட் எடுக்கும்போது பார்த்து எடுங்கள், தேருக்குப் போக நினைத்து ரொட்டி அடுப்பில் போய் இறங்கிவிடப் போகிறீர்கள்.

கேள்வி: நான் ஊராட்சி வார்டு உறுப்பினர். அந்த மாதிரிச் சின்ன ஊரில் இன்றைக்கு நிர்வாகம் எப்படி நடக்கிறது? நிதி, சம்பளம், அதிகாரம்? (விழுப்புரம் மாவட்ட வாசகர்)

பதில்: சம்பளத்தைக் கேட்டால் வருத்தப்படுவீர்கள். வையர்புஷ் போன்ற ஊருக்கு 'ஓர்ட்ஸ்கெமைண்ட' என்று பெயர், ஊராட்சி என்று வைத்துக்கொள்ளலாம். தலைவரை மக்கள் நேரடியாக ஐந்து வருடத்துக்குத் தேர்ந்தெடுக்கிறார்கள். அவருக்குச் சம்பளம் இல்லை, செலவுக்கு ஒரு தொகை உண்டு. பகலில் ஆசிரியர், தச்சர், வங்கி ஊழியர் என்று ஏதாவது வேலை, மாலையில் ஊர்த் தலைவர். ரைன்லாந்து-பலாட்டினேட்டில் இப்படி 2,300 அளவில் உள்ளாட்சிகள் இருக்கின்றன, அதில் பெரும்பாலானவை ஆயிரம் பேர்கூட இல்லாதவை. தமிழ்நாட்டின் மக்கள்தொகையில் இருபதில் ஒரு பங்கு சுமாருக்குத்தான் அந்த மாநிலம் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு பாருங்கள்.

இத்தனை குட்டி ஊர்களால் பிறப்புச் சான்றிதழிலிருந்து கழிவுநீர் வரை எல்லாவற்றையும் பார்க்க முடியாது. அதனால் பல ஊர்களைச் சேர்த்து ஒரு கூட்டு அலுவலகம் இருக்கும், அதற்கு முழுநேர மேயர், ஊழியர்கள். வையர்புஷ் சேர்ந்திருப்பது ஆல்டன்கிர்ஷன்-ஃப்ளாமர்ஸ்ஃபெல்ட் கூட்டு அலுவலகத்தில், 2020 ஜனவரியில் இரண்டு அலுவலகங்களை ஒன்றாக்கி உண்டானது. ரைஃபைசன் முதலில் மேயராக இருந்த இரண்டு ஊர்களும் இப்போது ஒரே அலுவலகத்துக்குக் கீழே.

ஆனால் ஊர் நடப்பது இந்த அலுவலகங்களால் மட்டும் இல்லை. தீயணைப்பையே பாருங்கள். ஜெர்மனியில் சம்பளம் வாங்கும் தீயணைப்பு வீரர்கள் பெரிய நகரங்களில்தான். மற்ற இடமெல்லாம் ஊர்க்காரர்களே, நாடு முழுக்கப் பத்து லட்சம் பேர் சுமாருக்கு. பேஜர் அலறினால் பேக்கரிக்காரர் மாவைப் போட்டுவிட்டு ஓடுவார், முதலாளி தடுக்கக்கூடாது என்று சட்டம். இதற்கு மேல் சங்கங்கள். பாட்டுச் சங்கம், பந்துச் சங்கம், குறிபார்த்துச் சுடும் சங்கம், ஊரை அழகாக்கும் சங்கம். ஏழு பேர் இருந்தால் பதிவு செய்துவிடலாம். பொருளாளர், செயலாளர், ஆண்டுப் பொதுக்குழு, தணிக்கை எல்லாம் முறையாக நடக்கும். எட்டு பேர் சேர்ந்து பாட்டுப் பாடுவதற்கு மினிட் புத்தகம் எதற்கு என்று நமக்குத் தோன்றும். அந்த மினிட் புத்தகப் பழக்கம்தான் கடன் சங்கத்தையும் தாங்கியது என்பது என் கட்சி.

திருவிழா என்றால் 'கிர்மெஸ்', ஊர்த் தேவாலயத்தின் பிரதிஷ்டை நாளாக ஆரம்பித்தது. இளவட்டங்கள் காட்டிலிருந்து ஒரு நீள மரத்தைக் கொண்டுவந்து நடுவார்கள், பெரிய கூடாரம், பீர், பாண்டு வாத்தியம். நவம்பரில் மார்ட்டின் நாள். குழந்தைகள் காகித விளக்கு ஏந்தி ஊர்வலம் போவார்கள், முடிவில் பெரிய சொக்கப்பனை, ஆளுக்கொரு இனிப்பு ரொட்டி. பணக்காரர்கள் அன்றைக்கு வாத்து சாப்பிடுவார்கள். வெஸ்டர்வால்ட் ஏழைகள் உருளைக்கிழங்கைத் துருவி இரும்புச் சட்டியில் சுட்டுச் சாப்பிட்டார்கள், 'டெப்பெகூஹெ' என்று பெயர். இப்போது வாத்து வாங்க வசதி இருப்பவர்களும் அதைத்தான் கேட்கிறார்களாம். நம்ம ஊரில் களியும் கூழும் ஓட்டலுக்கு வந்துவிட்டதே, அந்த மாதிரி.

கேள்வி: ஜெர்மன் கிராமத்துச் சரக்கு நம்ம ஊர் சொசைட்டிக்கு எப்படி வந்தது? யார் கொண்டுவந்தார்? (ஈரோடு வாசகர்)

பதில்: உங்கள் பக்கத்தில் அதிகாரியாக இருந்தவர்தான். ஃபிரெடரிக் நிக்கல்சன், கோயம்புத்தூர் மாவட்டக் கையேட்டைத் தொகுத்தவர். விவசாயக் கடனுக்கு ஐரோப்பாவில் என்ன வழி இருக்கிறது என்று படித்துப் பார்த்துச் சொல்லும்படி சென்னை அரசாங்கம் அவரிடம் கேட்டது. 1895-லும் 1897-லும் இரண்டு தடித்தடிப் பாகங்களாக அறிக்கை கொடுத்தார். அத்தனை நூறு பக்கத்தையும் அவர் முடித்த சொற்கள் இரண்டே இரண்டு: "ரைஃபைசனைத் தேடுங்கள்". ஊருக்கு ஊர் அந்த மாதிரி ஒரு ஆளைக் கண்டுபிடியுங்கள் என்கிற அர்த்தத்தில்.

1904-ல் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் வந்தது. அதில் கிராமச் சங்கங்களுக்கு வரம்பற்ற பொறுப்பு என்று போட்டார்கள், அப்படியே ரைஃபைசன் விதி. அதே வருடம் திருவள்ளூருக்குப் பக்கத்தில் திரூரில் ஒரு கடன் சங்கம் பதிவானது, சென்னை மாகாணத்தின் முதல் சங்கம் அது.

ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு, இது எனக்கு முக்கியமாகப் படுகிறது. அங்கே சங்கம் முதலில் வந்தது, பிரஷ்யாவின் கூட்டுறவுச் சட்டம் பின்னால் 1867-ல் வந்தது. இங்கே சட்டம் முதலில், ரிஜிஸ்திரார் இரண்டாவது, ஆட்களை மூன்றாவதாகத் தேடினார்கள். ரைஃபைசன் ஒரு அதிகாரியாக இருந்துகொண்டு அதிகார உத்தரவை மீறி ஆரம்பித்ததை, நாம் அதிகார உத்தரவின் பேரிலேயே ஆரம்பித்தோம். அப்புறம், அங்கே "எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும்" என்பது ஜாமீன். நம்ம ஊரிலும் எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும், கூடவே யார் எந்தத் தெரு என்பதும் தெரியும். மேலத் தெருவும் கீழத் தெருவும் ஒருவர் கடனுக்கு ஒருவர் நிலத்தை ஜாமீன் வைக்கும் நிலைமை 1904-ல் இருந்ததா என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

கேள்வி: அந்த அடுப்பு இன்னும் இருக்கிறதா? (திருச்சி மாணவி)

பதில்: பழைய அடுப்பு வீட்டின் மாதிரியில் திருப்பிக் கட்டி நினைவிடமாக வைத்திருக்கிறார்கள் கண்ணு. ஃப்ளாமர்ஸ்ஃபெல்டில் அவர் குடியிருந்த மரச்சட்டம் போட்ட வீடும் அருங்காட்சியகமாக இருக்கிறது. அந்த மலை ஊர்களை ரைன் நதியோடு இணைக்க அவர் முன்னின்று போட வைத்த சாலைக்கும் அவர் பெயர்தான். என்னைக் கேட்டால் ரொட்டியைவிட, வங்கியைவிட அந்தச் சாலைதான் அங்கிருந்த விவசாயிகளுக்குப் பெரிய உபகாரம், விளைந்ததைச் சந்தைக்குக் கொண்டுபோக வழி கிடைத்ததே. 2016-ல் யுனெஸ்கோ கூட்டுறவு என்ற யோசனையையே மனிதகுலத்தின் மரபுப் பட்டியலில் சேர்த்தது, ஜெர்மனி தனியாக அனுப்பிய முதல் விண்ணப்பம் அது.

கேள்வி: ரொட்டிக்குப் பதில் அங்கே சோறு சாப்பிடுகிற பழக்கம் இருந்திருந்தால் கூட்டுறவே பிறந்திருக்காதோ? (நாகர்கோவில் வாசகர், குசும்புடன்)

பதில்: குசும்பில் விஷயம் இருக்கிறது. சோறு என்றால் பொது அடுப்பு வேண்டாம், அவரவர் வீட்டில் வடித்துக்கொள்வார்கள், சீட்டுக் குலுக்கலும் இல்லை, விறகுச் சண்டையும் இல்லை. ஆனால் நம்ம வீடுகளில் உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியை எடுத்துத் தனிப் பானையில் போடும் வழக்கம் இருந்ததே, பிடியரிசி. மாதக் கடைசியில் ஊர்ப் பெண்கள் எல்லோர் பானையையும் கொட்டிச் சேர்த்துக் கோயிலுக்கோ பள்ளிக்கூடத்துக்கோ ஒரு கஷ்டப்பட்ட குடும்பத்துக்கோ கொடுப்பார்கள். அதற்குச் சட்டமும் இல்லை, ரிஜிஸ்திராரும் இல்லை. உங்கள் வீட்டில் அந்தப் பானை இருந்ததா என்று அம்மாவிடம் கேட்டு எழுதுங்கள், அடுத்த இதழில் போடுகிறேன். சினிமா கேள்விகள் இன்னும் ஒரு வாரம் காத்திருக்கட்டும்.